வலிக்காத பல்லுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 43. ஒரு வருடமாகப் பல் தேய்க்கும்போது அவ்வப்போது ரத்தம் வருகிறது, வலி எதுவும் இல்லை. 8 வருடம் கழித்து இப்போதுதான் பல் டாக்டரிடம் போனேன். சொத்தை இல்லை, ஆனால் ஈறு நோய் தொடங்கியிருக்கிறது என்று சொல்லி, அங்கேயே இருக்கும் டென்டல் ஹைஜீனிஸ்டிடம் இரண்டு தடவை ஆழமாகச் சுத்தம் செய்துகொண்டு, பிறகு 3 மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லிவிட்டார். வலிக்காத பல்லை எதற்கு நோண்ட வேண்டும், வருமானத்துக்காகச் சொல்கிறார்கள் என்கிறார் என் கணவர். மாமியாரோ, தனக்கு அப்படிச் சுத்தம் செய்த பிறகுதான் பல்லெல்லாம் ஆட ஆரம்பித்தது, எனாமலும் தேய்ந்துவிடும், போகாதே என்கிறார். நான் தினமும் இரண்டு வேளை தவறாமல் தேய்க்கிறேன், டாக்டர். போகத்தான் வேண்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரி,

என்னை டாக்டர் என்று அழைத்திருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. உங்களை யாரிடம் போகச் சொன்னார்களோ அந்த ஹைஜீனிஸ்ட் வேலைதான் நான் 19 வருடமாகச் செய்வதும். அதனால் இதைப் படிக்கும் உங்கள் கணவர், அவர்கள் ஆளே அவர்களுக்குச் சாட்சி சொல்கிறார் என்று நினைக்கலாம், அந்தச் சந்தேகத்தில் தப்பே இல்லை. ஆகவே எங்கள் தொழிலுக்குச் சாதகமாக இல்லாத ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எல்லோருமே 6 மாதத்துக்கு ஒரு முறை பல்லைச் சுத்தம் செய்துகொண்டே ஆகவேண்டும் என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. பிரிட்டனில் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள், முடிவு 2018-இல் வெளிவந்தது. சிலருக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை சுத்தம், சிலருக்கு வருடத்துக்கு ஒரு முறை, சிலருக்குச் சுத்தமே கிடையாது என்று 3 வருடம் விட்டுப் பார்த்ததில், ஈறில் ரத்தம் கசிவதில் இவர்களுக்குள் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆனால் அதில் ஈறு நோய் முற்றியவர்களைச் சேர்க்கவில்லை, அதைக் கவனிக்க வேண்டும். அதே நாட்டின் வழிகாட்டுதல், பெரியவர்கள் பல் பரிசோதனைக்கு வரவேண்டிய இடைவெளியை 3 மாதத்திலிருந்து 24 மாதம் வரை ஆளுக்கு ஆள் மாற்றி வைக்கச் சொல்கிறது. அதாவது ஒருவர் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்தால் போதும், இன்னொருவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்தாக வேண்டும். நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. ஒரு வருடமாக ரத்தம் வருகிறது, 8 வருடமாக யாரும் பார்க்கவில்லை, பார்த்த டாக்டர் ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறார். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் மூன்று மாதப் பக்கம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. போங்கள்.

ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலிக்கவில்லை என்பதுதான் ஈறு நோயின் முழுத் தந்திரமும். சொத்தை ஆழமாகப் போனால் ராத்திரி தூங்க விடாது, ஆளை இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்துவிடும். ஈறு நோய் அப்படி இல்லை. பல்லைத் தாங்கும் எலும்பு ஒவ்வொரு மில்லிமீட்டராகக் கரைந்துகொண்டே போகும், வலி இருக்காது, முகம் வீங்காது, ஆள் பாட்டுக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பார். கடைசியில் பல் ஆடும்போதுதான் தெரியும். அதற்குள் அந்த உடம்பு கொடுக்கும் ஒரே அறிவிப்பு, தேய்க்கும்போது வரும் ரத்தம்தான். ஆரோக்கியமான ஈறு தேய்த்தால் ரத்தம் வராது. கொஞ்சமாக வந்தாலும், எப்போதாவது வந்தாலும், பெரும்பாலும் அது வீக்கம்தான்.

அந்த வீக்கம் எங்கிருந்து வருகிறது என்பதை 1965-இலேயே நிரூபித்துவிட்டார்கள். டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும், ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதையே நிறுத்தச் சொன்னார்கள். பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். 10 நாளிலிருந்து 3 வாரத்துக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கி ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது. மறுபடி தேய்க்கச் சொன்னார்கள், ஒரு வாரம் போல ஆனதும் சரியாகிவிட்டது. இந்தச் சோதனையை நான் அடிக்கடி என்னிடம் வருபவர்களிடம் சொல்வேன், ஏனென்றால் இதில் நல்ல செய்தியும் இருக்கிறது: ஈறு வீக்கம் என்ற கட்டத்திலேயே பிடித்துவிட்டால் முழுசாகத் திரும்பி வந்துவிடலாம். அதைத் தாண்டி எலும்பு கரைய ஆரம்பித்துவிட்டால், கரைவதை நிறுத்தத்தான் முடியும், போன எலும்பு தானாக வளர்ந்து வராது. இந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவில் உள்ள எல்லைக் கோட்டைக் கண்ணாடி முன்னால் நின்று உங்களால் பார்க்க முடியாது, எங்களாலும் வெறும் கண்ணால் முடியாது. அதற்கு அளந்து பார்க்க வேண்டும்.

அந்த அளவெடுக்கும் வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் போகும் இடம் நல்ல இடமா என்று கண்டுபிடிப்பதற்கும் அதுதான் வழி. புரோப் என்று ஒரு மெல்லிய கம்பி, முனை மொட்டையாக இருக்கும், அதில் மில்லிமீட்டர் கோடு போட்டிருக்கும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் எல்லோருக்குமே ஒரு சின்ன இடுக்கு உண்டு, சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இருப்பது மாதிரி. அந்தக் கம்பியை அதற்குள் லேசாக இறக்கி, எதுவரை போகிறது என்று பார்ப்போம். ஒரு பல்லுக்கு 6 இடம், 28 பல் இருந்தால் 168 எண்கள். நான் எண்களைச் சொல்லச் சொல்லப் பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டே வருவார்: இரண்டு, இரண்டு, மூன்று... மூன்று, இரண்டு, மூன்று... 3 வரை நல்லது. திடீரென்று ஐந்து என்று சொல்லும்போது நாற்காலியில் படுத்திருப்பவரின் கை, இருக்கைப் பிடியை இறுக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். யாரும் அவருக்கு விளக்கம் சொல்லியிருக்க மாட்டார்கள், வலித்திருக்கவும் செய்யாது, ஆனால் இரண்டு மூன்று என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் ஒரு ஐந்து வந்ததுமே ஏதோ சரியில்லை என்று அவருக்கே புரிந்துவிடும். அப்படி ஆழமாகிவிட்ட இடுக்கைப் பள்ளம் என்போம், 5 மில்லிமீட்டர் பள்ளத்தின் அடியை எந்தப் பிரஷ்ஷும் தொடாது. எத்தனை வேளை தேய்த்தாலும், எவ்வளவு விலை உயர்ந்த பேஸ்ட் போட்டாலும் தொடாது.

நீங்கள் இரண்டு வேளை தவறாமல் தேய்த்தும் இது வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். நீங்கள் சோம்பேறி என்று யாரும் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். தேய்த்து முடித்த சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் கிருமிகள் மறுபடி ஒரு படலமாகப் படிய ஆரம்பித்துவிடும், நாக்கால் தடவினால் வழவழவென்று தெரியுமே, அது. பிரஷ் தொடாத இடத்தில் அந்தப் படலம் அப்படியே இருந்தால், எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் இறங்கி இரண்டு மூன்று நாளிலேயே இறுக ஆரம்பித்து, பிறகு கல்லாகிவிடும். அதைத்தான் காரை என்கிறோம். எச்சில் சுரப்பியின் வாய் எங்கே திறக்கிறதோ அங்கே காரை அதிகம் படியும்: கீழ் முன்பற்களின் உள்பக்கம், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்பக்கம். இப்போதே நாக்கைக் கீழ் முன்பற்களுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் அதுதான். காரை கல்லான பிறகு பிரஷ்ஷுக்கு அசையாது, அதைக் கருவியால்தான் எடுக்க வேண்டும். வெளியே தெரிகிற காரை மஞ்சளாகவோ வெளுப்பாகவோ இருக்கும். ஈறுக்கு அடியில் படிவது கறுப்பாக, வேரோடு ஒட்டிக்கொண்டு இன்னும் கடினமாக இருக்கும், கண்ணுக்கும் தெரியாது. அதன் சொரசொரப்பில் கிருமிகள் வசதியாகக் குடியேறிவிடும். காரை ஈறைக் குத்திக் கிழிப்பதால் ரத்தம் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அதன் மேல் தங்கும் கிருமிகளை எதிர்த்து உங்கள் உடம்பு நடத்தும் சண்டையில்தான் ஈறும் வீங்குகிறது, எலும்பும் கரைகிறது.

இப்போது உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. சுத்தம் செய்த பிறகு பல் ஆடியது அவர் அனுபவம், அதை மறுத்துப் பேசாதீர்கள். ஆனால் நடந்தது என்ன என்று நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், பல வருடமாகச் சுத்தமே செய்யாதவர். அவருடைய கீழ் முன்பற்கள் ஆறுக்கும் பின்னால் காரை ஒரே பாளமாக, பல் எது இடைவெளி எது என்றே தெரியாதபடி மூடியிருந்தது. கருவியை வைத்த கொஞ்ச நேரத்தில் அதில் பெரிய துண்டு ஒன்று அப்படியே கழன்று வந்துவிட்டது. அவர் நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார், பல்லை எடுத்துவிட்டீர்களா என்று. கண்ணாடியைக் கொடுத்தேன், பல் ஆறும் இருந்தன. ஆனால் வேரில் பாதிக்கு மேல் எலும்பு இல்லாமல் வெளியே தெரிந்தது, இரண்டு பல் லேசாக ஆடவும் செய்தது. அந்த எலும்பு அன்றைக்குப் போனதில்லை, பத்து இருபது வருடமாகக் கரைந்து போனது. பல்லை எலும்பு பிடித்திருக்க வேண்டிய இடத்தில் அந்தக் காரைப் பாளம் பிடித்துக்கொண்டு, ஆட்டத்தை வெளியே தெரியாமல் மறைத்து வைத்திருந்தது. பாளத்தை அப்படியே விட்டிருந்தால் மிச்ச எலும்பும் போய்ப் பல் பாளத்தோடு விழுந்திருக்கும். அவர் அதன் பிறகு விடாமல் வந்தார், வீக்கம் வற்றியதும் ஈறு இறுகி ஆட்டமும் குறைந்தது. உங்கள் மாமியாருக்கும் இதுவேதான் நடந்திருக்கும் என்று அவர் வாயைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது, ஆனால் ஆடுகிற பல்லோடு அவர் அப்படியே இருக்கிறார் என்றால் உங்களோடு அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். பல்லை எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் வயதானவர்கள் நிறையப் பேர் வராமல் இருக்கிறார்கள். இருக்கிற பல்லைக் காப்பாற்றத்தான் எங்கள் வேலையே என்று அவருக்குச் சொல்லுங்கள்.

எனாமல் தேய்ந்துவிடும் என்பது சரியில்லை. உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் எனாமல்தான். இப்போது பெரும்பாலும் பயன்படுத்தும் அல்ட்ராசோனிக் கருவியின் முனை நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும், அந்த அதிர்வில் காரை நொறுங்கி விழும். சூடாகாமல் இருக்கவும் நொறுங்கியதைக் கழுவவும் கூடவே தண்ணீர் பாயும். பழக்கமில்லாதவர்களுக்கு அந்தச் சத்தமும் தண்ணீரும்தான் பயம், பல்லைச் சுரண்டுவது போலவே கேட்கும். பயிற்சி பெற்றவர் கையில் எனாமலுக்கு அதனால் ஆபத்து இல்லை. ஆனால் ஒன்று, சுத்தம் செய்த பிறகு சில நாள், சிலருக்கு இரண்டு மூன்று வாரம் வரை கூட, குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் கூசும், பற்களுக்கு நடுவே சந்து விழுந்த மாதிரி இருக்கும். காரை அடைத்திருந்த இடமும், ஈறு வீங்கி மூடியிருந்த இடமும் இப்போது திறந்திருக்கிறது, அதுதான் காரணம். இதை முன்கூட்டியே சொல்லாமல் அனுப்பிவிடுவது எங்கள் ஆட்கள் பலர் செய்யும் தவறு. நானே ஆரம்ப வருடங்களில் செய்திருக்கிறேன், அதனால் ஒருவர் பயந்துபோய் இரண்டு வருடம் வராமல் இருந்துவிட்டார், திரும்பி வந்தபோது ஒரு பல் காப்பாற்ற முடியாத நிலைக்குப் போயிருந்தது. அதற்குப் பிறகு யாரிடமும் இதைச் சொல்லாமல் நான் விட்டதே இல்லை. கூச்சம் இருந்தால் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் உதவும், அங்கேயே ஃப்ளோரைடு வார்னிஷ் தடவியும் விடுவார்கள்.

சரி, முதல் இரண்டு தடவை புரிகிறது, அப்புறம் ஏன் 3 மாதத்துக்கு ஒரு முறை என்பீர்கள். ஈறுக்கு அடியில் சுத்தம் செய்த பள்ளத்தில் கிருமிகள் மறுபடி பழைய மாதிரி கூட்டம் சேர 9 முதல் 12 வாரம் போல ஆகும். அவை கூடி முடிப்பதற்குள் கலைத்துவிட வேண்டும், அந்தக் கணக்குதான் 3 மாதம். இதை ஆயுளுக்கும் இப்படியே செய்ய வேண்டும் என்று அர்த்தம் இல்லை. பள்ளங்கள் ஆழம் குறைந்து, தொட்டுப் பார்த்தால் ரத்தம் வராமல் இரண்டு மூன்று தடவை தொடர்ந்து இருந்தால் 4 மாதம், 6 மாதம் என்று தள்ளிக்கொண்டே போகலாம். அப்படித் தள்ளிப் போட எங்களுக்கும் ஆசைதான், ஒருவருக்கு இனி 6 மாதம் கழித்து வந்தால் போதும் என்று சொல்லும் நாள் எனக்கு இன்றைக்கும் சந்தோஷமான நாள்.

சுவீடனில் கார்ல்ஸ்டாட் என்ற ஊரில் 1970-களின் தொடக்கத்தில் ஆக்செல்சன், லிண்டே என்ற பல் ஆய்வாளர்கள் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். சில நூறு பெரியவர்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் வரவழைத்து, அவரவர் வாயை அவரவரே பார்த்துத் தெரிந்துகொள்ளவும் சுத்தமாக வைத்துக்கொள்ளவும் சொல்லிக்கொடுத்து, கூடவே சுத்தமும் செய்து அனுப்பினார்கள். முதல் 2 வருடம் 2 மாதத்துக்கு ஒரு முறை, பிறகு 3 மாதத்துக்கு ஒரு முறை, போகப்போக ஆளின் தேவையைப் பொறுத்து 3 மாதத்திலிருந்து 12 மாதம் வரை, பார்த்தது ஹைஜீனிஸ்ட். 30 வருடம் கழித்து 2004-இல் முடிவை வெளியிட்டபோது, தொடர்ந்து வந்தவர்கள் இழந்த பல், வயதுப் பிரிவைப் பொறுத்து சராசரியாக 0.4 முதல் 1.8 வரைதான். 30 வருடத்தில் இரண்டு பல்கூட இல்லை! அதிலும் பெரும்பாலானவை வேர் உடைந்து போனவை. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது சுத்தம் செய்ததை விடச் சொல்லிக்கொடுத்தது. வருடத்தில் நான்கு மணி நேரம் உங்கள் வாய் எங்கள் கையில் இருக்கிறது, மிச்ச நேரம் முழுக்க உங்கள் கையில்தான். அந்த நான்கு மணி நேரத்தில் உங்கள் கைக்கு எதையும் கற்றுக்கொடுக்காமல் பல்லை மட்டும் பளபளப்பாக்கி அனுப்பினால் மூன்று மாதம் கழித்து அதே காரை அதே இடத்தில் இருக்கும்.

கற்றுக்கொடுப்பது என்றால் பேசுவது இல்லை, காட்டுவது. கிருமிப் படலத்தில் மட்டும் ஒட்டும் ஒரு சாயம் உண்டு, அதைத் தடவிக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுப்போம். உங்களைப் போலவே தவறாமல் தேய்க்கும் ஒருவர், வரும் முன்பு ஒரு தடவை கூடுதலாகவே தேய்த்துவிட்டு வந்திருந்தார். பல்லின் நடுப்பகுதி எல்லாம் வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது, ஆனால் ஈறை ஒட்டி ஒவ்வொரு பல்லுக்கும் பிறை மாதிரி ஒரு சிவப்புக் கோடு, பல் இடுக்குகள் முழுக்கச் சிவப்பு, வலது கோரைப்பல் திரும்புகிற மூலையில் பட்டையாகச் சிவப்பு. ஐந்து நிமிடம் அவர் எதுவும் பேசவில்லை. பிறகு, இத்தனை வருடம் நான் பல்லின் நடுவைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேனா என்று கேட்டார். பிரஷ்ஷை ஈறின் விளிம்பில் 45 டிகிரி சாய்த்து வைத்து, இழுத்துத் தேய்க்காமல் அதே இடத்தில் சின்னதாக அசைக்கச் சொன்னேன், வலது கைக்காரர்களுக்கு வலது மூலையில் கை மடங்காது, அங்கே வரும்போது பிரஷ்ஷைப் பிடிக்கும் விதத்தை மாற்ற வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டினேன். அவர் வீட்டில் வாங்கி வைத்திருந்ததை விட மென்மையான பிரஷ்தான் தேவைப்பட்டது.

பல் இடுக்கை எந்தப் பிரஷ்ஷும் எட்டாது, ஈறு நோய் தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். உங்களுக்கு ஈறு கொஞ்சம் இறங்கியிருந்தால் பல் இடுக்கில் விட்டு எடுக்கும் நூலை விட இடுக்கு பிரஷ் நன்றாக வேலை செய்யும், பாட்டில் கழுவும் பிரஷ்ஷைக் குட்டியாக்கியது மாதிரி இருக்கும். அதில் பல அளவுகள் உண்டு, ஒரே வாயில் இரண்டு மூன்று அளவு தேவைப்படலாம். எந்த இடுக்குக்கு எந்த அளவு என்று அளந்து சொல்வதும் ஹைஜீனிஸ்ட் வேலைதான். தொளதொளவென்று போனால் பயனில்லை, திணித்தால் ஈறு புண்ணாகும். முதல் வாரம் ரத்தம் வரும், அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், விடாமல் செய்தால்தான் நிற்கும். அப்புறம், தேய்த்து முடித்ததும் வாயில் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்துவிடாமல் நுரையைத் துப்பினால் மட்டும் போதும், பேஸ்ட்டில் உள்ள ஃப்ளோரைடு பல்லில் கொஞ்ச நேரம் இருக்கட்டும். பெரியவர்களுக்கு 1,350 முதல் 1,500 பிபிஎம் வரை ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட் நல்லது, எவ்வளவு என்று டியூபின் பின்பக்கம் போட்டிருக்கும்.

நீங்கள் எழுதாமல் விட்ட சில விஷயங்களையும் கேட்க வேண்டியிருக்கிறது. சர்க்கரை நோய் இருக்கிறதா? இருந்தால் ஈறு நோய் வேகமாகப் போகும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரையும் கட்டுக்குள் வருவது கஷ்டம், இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு 0.4 சதவீதப் புள்ளி போலக் குறைகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. இதயத்தோடு சேர்த்தும் நிறையப் பேசுகிறார்கள். ஈறு நோய் உள்ளவர்களுக்கு இதய நோய் அதிகம் காணப்படுவது உண்மை, ஆனால் பல் சுத்தம் செய்தால் மாரடைப்பு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது நிரூபிக்கப்படவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, எலும்பு பலவீனத்துக்கு ஊசி அல்லது மாத்திரை எடுத்தாலோ, செயற்கை இதய வால்வு, பேஸ்மேக்கர் வைத்திருந்தாலோ நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகக் கூடாது.

உங்கள் கணவர் புகைபிடிப்பவரா என்று தெரியவில்லை. பிடிப்பவராக இருந்தால், எனக்கு ரத்தமே வரவில்லை, என் ஈறு நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லலாம். புகைபிடிப்பவர்களுக்கு ஈறுக்கு வரும் ரத்த ஓட்டம் குறைந்துவிடுவதால் ரத்தம் கசிவது அடங்கிவிடும், இருக்கிற ஒரே அறிவிப்பும் போய்விடும். வெளியே இளஞ்சிவப்பாக நன்றாகத் தெரிந்த ஈறுக்குள் 7 மில்லிமீட்டர் வரை கம்பி இறங்கிய வாய்களை நான் பார்த்திருக்கிறேன், அந்த ஆட்கள் யாருக்கும் ஒரு நாள் கூட வலித்ததில்லை. அவரும் ஒரு தடவையாவது அளந்துகொள்வது நல்லது. அப்படியே நாக்கின் ஓரம், அடி, கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் பார்ப்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைப் படையோ இருந்தால் அங்கேயே கண்ணில் பட்டுவிடும், டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள்.

கணவரின் சந்தேகத்துக்குக் கடைசியாக ஒன்று. வருமானத்துக்காகவே சுத்தம் செய்கிற இடங்கள் இல்லாமல் இல்லை. வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. உட்கார வைத்ததும் அளக்காமல் நேரே கருவியை எடுத்து, அரைமணியில் பாலிஷ் போட்டு, அடுத்த தேதியை எழுதிக் கையில் கொடுத்தால் கேள்வி கேளுங்கள். என் பள்ளங்களின் அளவு என்ன, எத்தனை இடத்தில் ரத்தம் வந்தது, எக்ஸ்ரேயில் எலும்பு எவ்வளவு தெரிகிறது, எதை வைத்து 3 மாதம் என்கிறீர்கள், எந்த எண் வந்தால் இடைவெளியைக் கூட்டுவீர்கள் என்று கேளுங்கள். நல்ல ஹைஜீனிஸ்டுக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும், சார்ட்டை எடுத்து உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார். பதில் வரவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள், ஆனால் போவதை நிறுத்திவிடாதீர்கள்.

அந்தச் சார்ட்டைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள இடங்களை எண்ணி ஓரத்தில் ஒரு எண் எழுதுங்கள், ரத்தம் வந்த இடங்களுக்கு இன்னொரு எண். இரண்டு தடவை சுத்தம் செய்து முடித்த பிறகு, 3 மாதம் கழித்து மறுபடி அளப்பார்கள், அப்போது இரண்டு தாளையும் கணவர், மாமியார் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடுக்கு பிரஷ்ஷை விடாமல் போட்டிருந்தால் இரண்டு எண்ணும் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் எந்தெந்தப் பல்லில் குறையவில்லை என்று எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.